நம் பிள்ளைகளின் இரவு எங்கே போனது?

(ஜலகண்டாபுரத்தில் இஷா தொழுகைக்குப் பின் நடைபெற்ற சமுதாய விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



பேச்சைத் தொடங்கும் முன் ஓர் அறிவிப்பு. இந்தக் கூட்டம் 9.15 மணிக்கு முடிந்துவிடும். எனக்குப் பின்னால் வேறு பேச்சாளர் இல்லை. நம்முடைய கூட்டங்கள் நள்ளிரவு வரை நடப்பதுதான் வழக்கம். இன்று ஏன் இப்படி என்று கேட்பீர்கள். தூக்கத்தைப் பற்றிப் பேச வந்தவன் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கலாமா?

தலைப்பைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். "பாபரி மஸ்ஜித் பற்றிப் பேசினீர்கள், இட ஒதுக்கீடு பற்றிப் பேசினீர்கள், சிறைவாசிகள் பற்றிப் பேசினீர்கள். இப்போது தூக்கத்தைப் பற்றியா?" என்று ஒரு சகோதரர் கேட்டார். ஆம் சகோதரர்களே, தூக்கத்தைப் பற்றித்தான். இதுவும் சமுதாயப் பிரச்சினைதான், உரிமைப் பிரச்சினைதான் என்பதை விளக்கத்தான் வந்திருக்கிறேன்.

ஸஜ்தாவில் தூங்கிய சிறுவன்

சில மாதங்களுக்கு முன் இந்த வட்டாரத்தில் ஒரு பள்ளிவாசலில் ஃபஜ்ர் தொழுதேன். என் பக்கத்தில் ஒரு பையன். பதினாறு வயது இருக்கும். சட்டையெல்லாம் பஞ்சுத் தூசி. இரண்டாவது ரக்அத்தில் ஸஜ்தாவுக்குப் போனவன் எழவில்லை. இமாம் ஸலாம் கொடுத்துவிட்டார். பையன் நெற்றியைத் தரையில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருக்கிறான். பின் வரிசையில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "செல்போனை நோண்டிட்டு ராத்திரி முழுக்க முழிச்சிருப்பான், இங்க வந்து தூங்குறான்" என்றார்.

நான் அவனை மெல்ல எழுப்பினேன். வெட்கத்தோடு முகத்தைத் துடைத்துக்கொண்டான். "தம்பி, என்ன வேலை பார்க்கிறாய்?" என்று கேட்டேன்.

"தறிக்குப் போறேன் பாய். ராத்திரி எட்டு மணியில இருந்து காலைல எட்டு வரைக்கும். பாங்கு சொன்னதும் பக்கத்துத் தறிக்காரரைப் பார்த்துக்கச் சொல்லிட்டு ஓடி வந்தேன்."

"பள்ளிக்கூடம்?"

"பத்தாவதோட நின்னுட்டேன் பாய். அத்தா முதலாளிகிட்ட பாக்கி வாங்கியிருக்காரு. நான் ஓட்டுனாத்தான் கழியும்."

"பகலில் தூங்குவாயா?"

"வீட்டுக்குப் பக்கத்துலயும் தறிதான் பாய். சத்தத்துல ரெண்டு மூணு மணி நேரம் வரும். அடுத்த வாரம் பகல் ஷிப்டு. அப்புறம் மறுபடியும் ராத்திரி."

சகோதரர்களே! இரவெல்லாம் தறி ஓட்டிவிட்டு, படைத்தவனுக்கு முன் நிற்க வேண்டும் என்று ஓடி வந்த பிள்ளை அவன். அவனைப் பார்த்துத்தான் நாம் சிரித்தோம். சோம்பேறி என்று நினைத்தோம். அந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருக்கிறது. அவனுடைய இரவை எடுத்துக்கொண்டது யார்?

தூக்கம் நன்மைக்கு எதிரியா?

முதலில் மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம்மில் பலர் தூக்கத்தை ஷைத்தானின் வேலையாகவே நினைத்துவிட்டோம். திருக்குர்ஆனின் 78ஆவது அத்தியாயமான அந்நபாவைத் திறந்து பாருங்கள். மலைகளையும், பூமியையும், ஜோடிகளாகப் படைத்ததையும் தன் அருட்கொடைகளாக எண்ணிக் காட்டும் இறைவன், அதே வரிசையில் தூக்கத்தையும் இரவையும் எண்ணிக் காட்டுகிறான். 30ஆவது அத்தியாயமான அர்ரூமில், நாம் உறங்குவதே அவனுடைய அத்தாட்சிகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அத்தாட்சியைப் பழிக்கலாமா?

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் நடந்த ஒரு சம்பவம் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்தார்கள். ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் விருந்தாளியாக அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். இரவில் அபுத்தர்தா (ரலி) எழுந்தபோது "தூங்குங்கள்" என்றார்கள். மீண்டும் எழுந்தபோதும் "தூங்குங்கள்" என்றார்கள். இரவின் கடைசிப் பகுதி வந்ததும் "இப்போது எழுங்கள்" என்று சொல்லி இருவரும் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்குச் செலுத்த வேண்டியது இருப்பது போல உடலுக்கும் குடும்பத்துக்கும் செலுத்த வேண்டியது உண்டு என்று ஸல்மான் (ரலி) விளக்கினார்கள். விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் போனது. ஸல்மான் சொன்னது உண்மை என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

இன்னொன்று. பள்ளிவாசலில் இரண்டு தூண்களுக்கு இடையில் ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. ஸைனப் (ரலி) அவர்கள் இரவுத் தொழுகையில் களைத்தால் பிடித்துக்கொள்வதற்காகக் கட்டியது. நபி (ஸல்) அவர்கள் அந்தக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்கள். தெம்பு இருக்கும் வரை தொழுங்கள், களைத்தால் உட்காருங்கள் என்பது அவர்களின் போதனை. தூக்கக் கலக்கத்தோடு தொழுபவர் பாவமன்னிப்புக் கேட்பதாக நினைத்துக்கொண்டு தன்னையே ஏசிக்கொள்ளக்கூடும். ஆகவே தூக்கம் தெளியும் வரை படுத்துக்கொள்ளட்டும் என்றும் வழிகாட்டினார்கள்.

அல்லாஹ்வுக்காக விழிப்பதற்கே எல்லை வகுத்த மார்க்கம் இது. அப்படியிருக்க, முதலாளிக்காகவும் மதிப்பெண்ணுக்காகவும் செல்போனுக்காகவும் நம் பிள்ளைகள் விழித்துக் கிடப்பதை எப்படி ஏற்றுக்கொண்டோம்?

எத்தனை மணி நேரம்?

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஒரு பரிந்துரையை வெளியிட்டது. 6 வயது முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 24 மணி நேரத்தில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். நம் வீட்டில் மீசை அரும்பியவனை "இன்னும் என்ன தூக்கம்?" என்று அதட்டுகிறோம். வளர்ந்த நமக்கு ஏழு மணி நேரம் போதும். வளரும் அவனுக்குப் போதாது.

ஏன் போதாது? ஆழ்ந்த உறக்கத்தில்தான் வளர்ச்சிக்கான ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. பகலில் படித்ததை மூளை பதிய வைப்பதும் உறக்கத்தில்தான். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1924ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு மாணவர்களுக்குப் பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்யக் கொடுத்தார்கள். மனப்பாடம் செய்த பின் சில நேரம் தூங்கவிட்டார்கள், சில நேரம் விழித்திருக்கவிட்டார்கள். பின்னர் கேட்டபோது, தூங்கி எழுந்தபோதுதான் அதிகம் நினைவிருந்தது. ஹிஃப்ள் மதரஸாவில் ஓதும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். கற்றதைக் காப்பாற்றித் தருவது தூக்கம். தூக்கத்தை வெட்டிவிட்டுப் பாடத்தைக் கூட்டுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

இன்னொரு செய்தி. பருவ வயதில் உடலின் கடிகாரமே கொஞ்சம் பின்னால் தள்ளிப்போகிறது. இருட்டியதும் தூக்கத்துக்கு உடலைத் தயார் செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன், சிறு பிள்ளைகளைவிடப் பதின்வயதினருக்குத் தாமதமாகச் சுரக்கிறது. இந்த உடல் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூவருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே இரவு சீக்கிரம் தூக்கம் வராததும், காலையில் எழ முடியாமல் தவிப்பதும் எல்லா நேரமும் திமிர் அல்ல. இறைவன் அமைத்த வளர்ச்சியின் ஒரு கட்டம். இதை உணர்ந்துதான் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2019இல் ஒரு சட்டம் போட்டது. 2022 முதல் அங்கே உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக்கூடாது.

போதை இல்லாத போதை

தூக்கம் குறைந்தால் என்ன ஆகும்? கவனம் சிதறும். எரிச்சல் வரும். பசியைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்கள் நிலைகுலைந்து உடல் பருக்கும். சர்க்கரை நோய்க்கு வழி திறக்கும். எல்லாவற்றையும்விடக் கொடியது மனச்சோர்வு. போதிய தூக்கம் இல்லாத பதின்வயதினரிடம் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும், தற்கொலை எண்ணமும், தற்கொலை முயற்சியும் கூடுதலாக இருப்பதை நான் முன்பு சொன்ன அதே 2016ஆம் ஆண்டு அறிக்கை குறிப்பிடுகிறது. தேர்வு முடிவு வரும் நாட்களில் நாளிதழைத் திறக்கவே நமக்குப் பயமாக இருக்கிறதே, அந்தச் சாவுகளுக்குத் தூக்கம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பல நாள் தூங்காத மனம் ஒரு சின்னத் தோல்வியைக்கூடத் தாங்காது. அதை மறந்துவிட வேண்டாம்.

2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஆஸ்திரேலிய ஆய்வாளர் வில்லியம்ஸன் என்பவரும் ஃபேயர் என்பவரும் செய்தது. தொடர்ந்து 17 முதல் 19 மணி நேரம் விழித்திருந்தவர்களின் சில செயல்திறன்கள், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவர்களின் செயல்திறனுக்குச் சமமாகவோ அதைவிட மோசமாகவோ இருந்தன. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பு என்ன தெரியுமா? 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அதாவது 0.03 சதவீதம்.

கணக்குப் போடுங்கள் சகோதரர்களே! நம் பிள்ளை மதுவைத் தொட்டதில்லை. அதில் நமக்குப் பெருமை. ஆனால் இரவு ஷிப்டு முடிந்து காலை எட்டு மணிக்கு நங்கவள்ளி ரோட்டிலோ தாரமங்கலம் ரோட்டிலோ மோட்டார் சைக்கிளில் அவன் போகும்போது, குடித்தவனைவிட மோசமான நிலையில் போகிறான். வாயை ஊதச் சொல்லும் காவலரின் கருவியில் இது காட்டாது. எதிரில் வரும் லாரிதான் காட்டும். நான் சொல்ல வருவது புரிகிறதா தாய்மார்களே?

மூன்று கொள்ளைக்காரர்கள்

இந்த வட்டாரத்தில் நம் பிள்ளைகளின் இரவை மூன்று பேர் கொள்ளையடிக்கிறார்கள்.

முதலாவது, தறி. ஜலகண்டாபுரம், எடப்பாடி, தாரமங்கலம் தொடங்கி அந்தப் பக்கம் குமாரபாளையம், பள்ளிபாளையம் வரை தறிதான் சோறு போடுகிறது. அதை மறுக்க முடியாது. சிறு தறிக்காரர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும். நூல் விலை ஏறுகிறது, கூலி ஏறுவதில்லை, கடன் வாங்கிப் போட்ட தறியை நிறுத்தினால் வட்டி நிற்பதில்லை. ஆனால் பாக்கி என்ற பெயரில் முன்பணத்தைக் கொடுத்துத் தந்தையைக் கட்டிப்போட்டு, தந்தையால் முடியாதபோது மகனின் இரவை வட்டியாக எடுத்துக்கொள்வது எந்த நியாயம்? அங்கே நூற்பாலைகளில் என்ன நடந்தது? "சுமங்கலித் திட்டம்" என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, கல்யாணச் செலவுக்குப் பணம் தருகிறோம் என்று சொல்லி, பதின்வயதுப் பெண்களை விடுதியில் அடைத்து இரவு ஷிப்டு பார்க்க வைத்த கொடுமையை 2011ஆம் ஆண்டு வாக்கில் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் அறிக்கையாக வெளியிட்டு உலகமே பேசியது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. 14 வயது முடிந்து 18 வயது முடியாதவர்களை வளரிளம் பருவத்தினர் என்று அது வகைப்படுத்துகிறது. அவர்களை இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்கக்கூடாது என்பது சட்டம். ஸஜ்தாவில் தூங்கிய அந்தப் பையன் எத்தனை மணிக்கு வேலைக்குப் போனான்? இரவு எட்டு மணிக்கு. எத்தனை மணிக்கு முடித்தான்? காலை எட்டு மணிக்கு. சட்டம் எந்த நேரத்தைத் தடுத்திருக்கிறதோ, அந்த நேரத்திலேயே அவனுடைய முழு ஷிப்டும் நடக்கிறது.

இரண்டாவது, தேர்வு. நம் பக்கத்து நாமக்கல் மாவட்டம் இரண்டுக்குப் பெயர் பெற்றது. ஒன்று முட்டை. மற்றொன்று, விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகள். ஒரு காலத்தில் பிளஸ் டூ முடிவு வந்தால் மாநில ரேங்குகள் அங்கேதான் குவியும். "பிராய்லர் பள்ளிகள்" என்று மக்களே பெயர் வைத்தார்கள். 2017இல் ரேங்க் அறிவிக்கும் முறையை அரசு நிறுத்தியது. ஆனால் அதே ஆண்டு நீட் வந்து உட்கார்ந்துகொண்டது. விளம்பரப் பலகை மாறியது, விடுதியின் மணி மாறவில்லை. அப்படிப்பட்ட ஒரு விடுதியில் படித்த என் உறவினர் பையன் சொன்னான்: இரவு 11 மணி வரை படிப்பு, காலை 4.30க்கு மணி. ஐந்தரை மணி நேரம்!

கோழிப்பண்ணை வைத்திருக்கும் சகோதரர்களைக் கேளுங்கள். முட்டைக் கோழி அதிகம் முட்டையிட வேண்டும் என்பதற்காக மாலையிலும் அதிகாலையிலும் விளக்குப் போட்டு நாளை நீட்டுகிறார்கள். எவ்வளவு நீட்டுகிறார்கள்? 16 மணி நேரம். மீதி 8 மணி நேரம் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். லாபத்துக்காக வளர்க்கும் கோழிக்கு 8 மணி நேர இருட்டு உண்டு. உயிருக்கு உயிராய் வளர்க்கும் பிள்ளைக்கு ஐந்தரை மணி நேரம்தானா? இதற்கு லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டிவிட்டு, "என் மகன் தூங்காமல் படிக்கிறான்" என்று கல்யாண வீட்டில் பெருமை வேறு பேசுகிறோம்.

பயிற்சி மையங்களுக்காக 2024 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது, மிக அதிகாலையிலும் இரவில் வெகுநேரம் கழித்தும் வகுப்பு கூடாது என்று அதில் இருக்கிறது. காகிதத்தில் இருக்கிறது. அதை விடுதிச் சுவருக்குள் கொண்டுபோக வேண்டியது யார்? பெற்றோர்களாகிய நாம்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது, செல்போன். இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கண்ணுக்கு அருகில் அந்த வெளிச்சம் விழும் வரை மூளை பகல் என்றே நினைக்கிறது. வெளிச்சத்தைவிட மோசம் அதன் உள்ளே இருப்பது. முடிவே இல்லாமல் அடுத்தது அடுத்தது என்று வந்துகொண்டே இருக்கும் வீடியோக்கள். காசு கட்டி ஆடும் விளையாட்டுகள். தறி முதலாளிக்கு முகம் உண்டு, பள்ளி நிர்வாகிக்கு முகம் உண்டு. இந்தக் கொள்ளைக்காரனுக்கு முகம் இல்லை. நம் பிள்ளை விழித்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் எங்கோ இருக்கும் ஒரு கம்பெனிக்குக் காசு. இன்றைய கணக்கில் அதுதான் உலகின் மிகப் பெரிய இரவு ஷிப்டு. கூலி இல்லாத ஷிப்டு!

நம் கைகளும் சுத்தம் இல்லை

மற்றவர்களைச் சொன்னேன். இப்போது நம்மைச் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இஷாவுக்கு முன் தூங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் ஈடுபடுவதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? கூட்டத்தை இஷாவுக்குப் பின்தான் ஆரம்பிக்கிறோம். கிராஅத், வரவேற்பு, முன்னிலை, தலைமை எல்லாம் முடிந்து சிறப்புரை தொடங்கும்போது மணி பதினொன்று. ஒலிபெருக்கி நாலு தெருவுக்குக் கேட்கிறது. அந்தத் தெருவில் மறுநாள் தேர்வு எழுதும் பிள்ளை இருக்கிறது, கைக்குழந்தை இருக்கிறது, மாற்று மதச் சகோதரர் இருக்கிறார். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. கோயில் திருவிழாவில் மீறுகிறார்கள் என்று நாம் சுட்டிக்காட்டுவதற்கு முன் நம் மேடையைப் பார்க்க வேண்டும்.

ரமளானை எடுத்துக்கொள்ளுங்கள். தராவீஹ் முடிந்ததும் இளைஞர்கள் டீக்கடையில், தெருமுனையில், கிரிக்கெட்டில் ஸஹர் வரை விழித்திருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு ஃபஜ்ர் தொழாமல்கூடப் படுத்துவிடுபவர்கள் உண்டு. கண்ணியமான இரவுகளை வணக்கத்துக்காகக் கொடுத்தான் இறைவன். நாம் அரட்டைக்குச் செலவு செய்கிறோம்.

அடுத்து நம் பெண் பிள்ளைகள். மகன் நைட் ஷிப்டு போனால் வீடு முழுக்கத் தெரிகிறது. மகளின் நைட் ஷிப்டு யாருக்கும் தெரிவதில்லை. எல்லோரும் சாப்பிட்ட பின் பாத்திரம் கழுவிவிட்டு, தார் சுற்றிவிட்டு, அதன் பிறகு புத்தகத்தை எடுக்கிறாள். ரமளானில் ஸஹருக்குத் தாயோடு முதலில் எழுபவளும் அவள்தான். பிறகு பள்ளிக்கூடம் போகிறாள். எட்டு மணி நேரம் என்ற கணக்கு அவளுக்கும் சேர்த்துத்தான் சகோதரர்களே! பாத்திரத்தை மகனும் கழுவலாம். நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலை செய்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததை மேடையில் சொன்னால் மட்டும் போதாது.

இது உரிமையும்கூட

2011 ஜூன் மாதம் டெல்லி ராம்லீலா மைதானத்தில் நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தின் மீது போலீசார் நடவடிக்கை எடுத்தார்கள். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. நீதிபதி பி.எஸ்.சௌஹான் அவர்கள் தம் தீர்ப்பில், நிம்மதியாக உறங்குவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கிய அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். அந்தக் கூட்டத்தைக் கூட்டியவர்களோடு நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். தீர்ப்பு எல்லோருக்கும் பொதுவானது. தறிப்பட்டறையில் நிற்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கும் அது பொருந்தும்.

நம் சமுதாயத்துக்கு இதில் தனி அக்கறை உண்டு. 6 முதல் 14 வயது வரையிலான முஸ்லிம் பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கினர் பள்ளிக்கே போனதில்லை அல்லது பாதியில் நின்றுவிட்டார்கள் என்று 2006இல் சச்சார் குழு சொன்னது. தெருவில் இறங்கினோம், மாநாடு போட்டோம், 2007இல் தமிழகத்தில் 3.5 சதவீத இட ஒதுக்கீடு கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த இடத்தில் போய் உட்கார வேண்டிய பிள்ளை பத்தாவதோடு நின்று தறி ஓட்டினால், அல்லது வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கினால், வாங்கிய உரிமை யாருக்குப் பயன்படும்? போராடி வாங்கிய இடத்தை இரவில் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

என்ன செய்யலாம்?

ஃபஜ்ருக்குப் பிள்ளைகளை எழுப்பாதீர்கள் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுப்புங்கள். ஆனால் எழுப்பும் கடமை இரவிலேயே தொடங்குகிறது. நம் ஊரில் இஷா பாங்குக்கும் ஃபஜ்ர் பாங்குக்கும் இடையில் வருடத்தின் எந்த நாளிலும் எட்டரை மணி நேரத்துக்குக் குறைவதில்லை. இறைவன் போட்ட கால அட்டவணையிலேயே தூக்கத்துக்கு இடம் இருக்கிறது. இஷா தொழுது, சாப்பிட்டு, 9.15க்கு விளக்கை அணைத்தால் 5.15க்கு எட்டு மணி நேரம் நிறைவாகிவிடும். பருவ வயதில் கடிகாரம் பின்னால் போகும் என்றேனே, அதை முன்னால் இழுப்பது காலை வெளிச்சம். தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, தொழுது, வெளியே வந்து சூரிய வெளிச்சத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு இரவில் தூக்கம் சீக்கிரம் வரும். பகலில் சிறிது நேரம் படுக்கும் கைலூலா நம் முன்னோரின் பழக்கம். விடுமுறை நாட்களில் அதற்கும் இடம் கொடுங்கள்.

ஜமாஅத்தார் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: நம் கூட்டங்களும் கல்யாண நிகழ்ச்சிகளும் இரவு 9.30க்குள் முடிய வேண்டும். ஒலிபெருக்கி அரங்கத்தைத் தாண்டக்கூடாது. அதை இன்றே தொடங்கிவிட்டோம்.

இரண்டு: 18 வயது நிரம்பாத எந்தப் பிள்ளையும் இந்த மஹல்லாவில் இரவு ஷிப்டுக்குப் போகிறானா என்று கணக்கெடுங்கள். தந்தையின் பாக்கிதான் காரணம் என்றால், பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுத்து அந்தப் பிள்ளையை மீட்டெடுங்கள். கடன்பட்டவரும் ஸகாத் பெறத் தகுதியுள்ளவர் என்பது அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆவது வசனத்தில் இருக்கிறது. தறி முதலாளிகளில் நம்மவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் பேசுங்கள். பேச்சு பலிக்காவிட்டால் தொழிலாளர் துறைக்கு மனு கொடுங்கள். 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவி மையம் இருக்கிறது.

மூன்று: வீட்டில் ஒரு நேரம் வையுங்கள். இரவு ஒன்பது மணி ஆனால் எல்லாச் செல்போன்களும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்க வேண்டும். எல்லாம் என்றால் அத்தாவின் செல்போனும்தான்! தந்தை படுக்கையில் பார்த்துக்கொண்டிருந்தால் மகன் கேட்க மாட்டான்.

நான்கு: விடுதிப் பள்ளியில் சேர்க்கும்போது ரிசல்ட்டை மட்டும் கேட்காதீர்கள். எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பீர்கள் என்றும் கேளுங்கள். பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால் நிர்வாகம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. தொழிற்சாலை ஆய்வாளரும் விடுதி ஆய்வாளரும் பகலில் வந்து பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் போனால் போதாது. குற்றம் இரவில் நடக்கிறது. இரவில் வரட்டும்.

சகோதரர்களே! பிள்ளைகளின் உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நம் பொறுப்பில் உள்ளவர்கள் குறித்து நாம் விசாரிக்கப்படுவோம். என்ன படிக்க வைத்தாய், என்ன சாப்பாடு கொடுத்தாய் என்ற கேள்விகளுக்கு நம்மிடம் பதில் இருக்கலாம். இரவை ஆடையாகக் கொடுத்தேனே, அதை ஏன் அவனிடமிருந்து உருவினாய் என்று இறைவன் கேட்டால் என்ன சொல்வோம்?

மணி 9.10 ஆகிவிட்டது. சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டும். கேள்வி இருப்பவர்கள் நாளை அஸருக்குப் பின் வாருங்கள், இன்ஷா அல்லாஹ் பேசுவோம். இப்போது பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். தெருவில் நின்று பேச வேண்டாம். போய்த் தூங்கவிடுங்கள்.

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.